குக்கீ இருந்தாலும் போனாலும் உங்க சம்மதம் வேணும்: டிபிடிபி சட்டம் விளம்பரத்துக்கு என்ன சொல்லுது

அல்சூர்ல இருக்கற எங்க பெரியம்மா போன வாரம் அவங்க மொபைல் போன என் கைல குடுத்து, "ஏம்ப்பா, கால் வலிக்கு ஒரே ஒரு தடவ தைலம் தேடுனேன், இப்ப சமையல் குறிப்பு பாத்தாலும் தைலம், நியூஸ் பாத்தாலும் தைலம், இவங்களுக்கெல்லாம் யாரு சொன்னது?"ன்னு கேட்டாங்க. நான் பெங்களூர்ல விளம்பர சாஃப்ட்வேர் லைன்லதான் வேலை பாக்கறேன், பதில் எனக்கு நல்லாவே தெரியும், அதனால எல்லாருக்குமா எழுதிடறேன்.

சமையல் பக்கத்துல நடுவுல ஒரு விளம்பரக் கட்டம் வருதுல்ல, அது அந்த சமையல் சைட்டோடது இல்ல, வேற ஒரு விளம்பர கம்பெனியோட சர்வர்ல இருந்து வருது, வரும்போதே உங்க பிரவுசர்ல ஒரு நம்பர எழுதி வெச்சிடும். தைலம் விக்கற சைட்டுலயும் அதே கம்பெனி கோடு இருக்கும், நியூஸ் சைட்டுலயும் இருக்கும், எங்க போனாலும் அதே நம்பர படிக்கும். பெரியம்மா பேரு அவங்களுக்குத் தெரியாம இருக்கலாம், ஆனா இந்த நம்பர்காரங்களுக்குக் கால் வலின்னு தெரிஞ்சு போச்சு. இதுதான் தேர்ட் பார்ட்டி குக்கீ.

ஐபோன்ல வர்ற சஃபாரி பிரவுசர் 2020 மார்ச்லயே இத முழுசா தடுத்துடுச்சு, ஃபயர்ஃபாக்ஸும் தடுக்குது. க்ரோம் 2020 ஜனவரில "ரெண்டு வருஷத்துல எடுத்துடறோம்"னு சொல்லி, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலைல அந்தத் திட்டத்தையே கைவிட்டுட்டாங்க. நம்ம ஆளுங்க பெரும்பாலும் ஆண்ட்ராய்டுல க்ரோம்தான் வெச்சிருக்காங்க, அதனால கம்பெனி பாத்து மாத்தும்னு காத்திருந்து பிரயோஜனம் இல்ல.

இங்கதான் சட்டம் வருது. கர்நாடக ஹைகோர்ட்ல ஜட்ஜா இருந்து ரிட்டயர் ஆன புட்டசாமி ஆதார் விஷயத்துல போட்ட கேஸ்ல, 2017 ஆகஸ்ட் 24 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்டோட 9 ஜட்ஜுகளும் ஒரே குரல்ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் 2023ல டிபிடிபி சட்டம், அதாவது டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு. கம்பெனிகள் மேல இருக்கற முக்கியமான கடமைகளுக்கு விதி வந்ததுல இருந்து 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க, கணக்கு போட்டா 2027 மே.

சட்டத்துல குக்கீங்கற வார்த்தையே இல்ல, அது ரொம்ப நல்லதுன்னு நான் நினைக்கறேன். ஏன்னா குக்கீ இல்லாட்டி இப்ப போன் நம்பர வெச்சுத்தான் ஆள அடையாளம் பாக்கறாங்க. கடைல பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க"ங்கறாங்கல்ல, அந்த நம்பர ஒரு குறியீடா மாத்தி விளம்பர கம்பெனிக்கு அனுப்புவாங்க, அங்க உங்க நம்பரும் அதே மாதிரி குறியீடா இருக்கும், ரெண்டும் ஒத்துப்போனா நீங்கதான்னு முடிவு. உங்கள யாருன்னு அடையாளம் காட்டற எந்தத் தகவலா இருந்தாலும் சட்டத்துக்குள்ள வந்துடும், அது குக்கீயா நம்பரான்னு பாக்கறதில்ல.

சம்மதம் எப்படி இருக்கணும்னா, எதுக்குன்னு தெளிவா சொல்லி, நீங்களா குடுத்ததா இருக்கணும். முன்னாடியே டிக் போட்டு வெச்சா அது சம்மதம் ஆகாது. சட்டத்துலயே ஒரு உதாரணம் இருக்கு: டாக்டர்கிட்ட ஆன்லைன்ல பேசற ஒரு ஆப், உங்க கான்டாக்ட் லிஸ்டையும் கேக்குது, நீங்களும் சரின்னு அமுக்கிடறீங்க, இருந்தாலும் வைத்தியத்துக்கு கான்டாக்ட் தேவையில்ல, அதனால அந்த சம்மதம் வைத்தியத்துக்கு மட்டும்தான் செல்லும். குடுத்தது எவ்வளவு சுலபமோ அதே சுலபத்துல திரும்ப வாங்கிக்கவும் முடியணும். நம்ம பெங்களூர் தமிழ் ஆளுங்களுக்கு முக்கியமான ஒண்ணு, சம்மதம் கேக்கும்போது எதுக்குன்னு சொல்ற நோட்டீஸ தமிழ்லயும் படிக்கற வசதி குடுக்கணும், அரசியல் சாசனத்தோட எட்டாவது அட்டவணைல இருக்கற 22 மொழிக்கும் அந்த உரிமை இருக்கு. கன்னடம் நல்லா பேசுவாங்க, படிக்க வராது, இங்கிலீஷும் வராது, எங்க பெரியம்மா மாதிரி எத்தனை பேர் இருக்காங்க!

18 வயசுக்குக் கீழ இருந்தா இன்னும் கண்டிப்பு. பியூசி, அதாவது பிளஸ் டூ படிக்கற பொண்ணும் இதுல குழந்தைதான், அவள பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினா 200 கோடி வரைக்கும் அபராதம். அந்த அபராதம் அரசாங்கத்துக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒண்ணும் கிடையாது, அது எனக்கு வருத்தம்தான். புகார்னா மொதல்ல கம்பெனிகிட்ட, அவங்க 90 நாளுக்குள்ள பதில் சொல்லணும், சரிவரலைன்னா தரவு பாதுகாப்பு வாரியத்துக்கு ஆன்லைன்ல போகலாம்.

பின்தொடராம விளம்பரமே பண்ண முடியாதுன்னு எங்க லைன்லயே சிலர் சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். சமையல் பக்கத்துல குக்கர் விளம்பரம் போட, படிக்கறவங்க யாருன்னு தெரியணுமா என்ன?

2027 வரைக்கும் காத்திருக்காம இன்னிக்கே செய்யக்கூடியது: க்ரோம்ல மேல மூணு புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், அதுல தேர்ட் பார்ட்டி குக்கீய பிளாக் பண்ணுங்க. அப்புறம் போன் செட்டிங்ஸ்ல கூகுள் போயி, விளம்பரங்கள்ங்கற இடத்துல விளம்பர ஐடிய, அதாவது ஆப்புங்க விளம்பரத்துக்காக உங்க போன அடையாளம் பாக்கற நம்பர, டெலீட் பண்ணுங்க. பெரியம்மா போன்ல ரெண்டையும் அவங்க கையாலயே பண்ண வெச்சேன், மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா போன்ல அவங்களே பண்ணிக் குடுத்திருக்காங்க.