சூடு நனையாது, ஊறும்

புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் டர்போவுக்கும் காற்று வடிகட்டிப் பெட்டிக்கும் நடுவே மாட்டுகிற வெப்பத் தடுப்புத் தகடு ஒன்று வாங்கினேன். பெட்டியோடு வந்த தமிழ்த் தாளில் 'வெப்ப நனைவைக் குறைக்கும்' என்று அச்சிட்டிருந்தார்கள். இதே 'வெப்ப நனைவு' பல மாதங்களாகக் கார் காணொளிகளின் தமிழ் வரிகளிலும் கண்ணை உறுத்திக்கொண்டிருக்கிறது. தாளை வாங்கிப் பார்த்த மெக்கானிக், "இன்டேக்குல தண்ணி போகுதா சார்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. தமிழில் நனைவு என்றால் ஈரம்தான்.

ஆங்கில மூலச் சொல் ஹீட் சோக். 'சோக்' பழைய ஆங்கிலத்தின் 'சோகியன்' என்பதிலிருந்து வந்தது. நீரில் கிடந்து ஊறுவது என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் எஃகு ஆலைகளிலேயே, வார்த்தெடுத்த பாளத்தைக் குழிக்குள் இறக்கி, உள்சூடும் வெளிச்சூடும் சமமாகும்வரை விட்டுவைப்பதைச் 'சோக்கிங்' என்றார்கள். ஆக, இந்தச் சொல்லின் உயிர் காலத்தில் இருக்கிறது. விட்டுவைக்க வேண்டும், மெல்ல ஏற வேண்டும்.

டர்போ காரில் நடப்பதும் அதுதான். பெட்ரோல் டர்போவுக்குள் பாயும் புகை, முழு வேகத்தில் 900 டிகிரி செல்சியஸை நெருங்கும். வண்டி ஓடும்வரை எதிர்க்காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். சிக்னலில் நின்றாலோ, எஞ்சினை அணைத்தாலோ காற்று நின்றுபோகிறது. டர்போவின் சூடு பக்கத்திலுள்ள குழாய், வடிகட்டிப் பெட்டி, டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் என்று ஒவ்வொன்றிலும் மெல்ல ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால், உள்ளே இழுக்கும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். 30 டிகிரியில் போக வேண்டிய காற்று 60 டிகிரியில் போனால், அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு குறைகிறது. பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டாமல் இருக்க, எஞ்சின் கணினி தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மிதித்தாலும் வண்டி சோம்புகிறது.

இதற்கு நனைவு எப்படிப் பொருந்தும்? மழையில் ஒரு நொடி நின்றால் நனைந்துவிடலாம். நனைந்த அரிசியை ஆட்ட முடியுமா? ஊறிய அரிசியைத்தான் ஆட்டலாம். இந்த வேறுபாடு தெரியாத தமிழ் வீடு கிடையாது. மொழிபெயர்ப்பவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது? சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காரில் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கும். நின்றால் எஞ்சின் அனல் நேராக அதில்தான் ஏறும். அதன் எஸ்டிஐ வகைகள் சிலவற்றில் இன்டர்கூலர்மீது தண்ணீர் தெளிக்கும் அமைப்பே வைத்தார்கள். அங்கே நனைவது இன்டர்கூலர். அதற்கு முன்பே அதில் ஊறியிருப்பது சூடு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால், படிப்பவர் என்ன செய்வார்?

நனைவைத் தள்ளிவிடுவது எளிது. 'வெப்பத் தேக்கம்' அப்படியல்ல. நல்ல தமிழ், காதுக்கும் இனிமை, விவரம் தெரிந்தவர்களே எழுதுகிறார்கள். ஆனாலும் ஏற்க முடியவில்லை. தேக்கம் என்றால் வழியில்லாமல் நிற்பது. வழி திறந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை அந்தச் சொல்லே கொடுத்துவிடுகிறது. பானெட்டைத் திறந்து பாருங்கள். முகத்தில் அடிக்கும் வெக்கை இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும், அதுதான் தேங்கியிருந்தது. அதன்பிறகு இன்டர்கூலரின் அலுமினியக் குழாயில் விரலை வையுங்கள், சுரீர் என்று சுடும். இது தேங்கிய சூடல்ல, உலோகத்துக்குள்ளேயே போய்விட்ட சூடு. தேக்கம் என்று படித்தவர் பானெட்டில் ஓட்டை போடுவார். அதையே ஊறல் என்று எழுதியிருந்தால், படித்தவர் சூடு ஊறும் முன்பே தடுக்கப் பார்ப்பார்: டர்போவுக்குப் போர்வை, நடுவே பளபளப்பான தகடு, குழாய்க்கு வெப்பக் காப்புச் சுற்று. காற்றிலிருப்பது வெக்கை, பொருளில் ஏறியது ஊறல். நம்மிடம் இரண்டு சொல் இருக்கும்போது ஒன்றை ஏன் தொலைக்க வேண்டும்?

ஊறுதல் நீர்மத்துக்கு மட்டும்தான் என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் வாதிட்டார். மாவடுவில் உப்பும் காரமும் ஊறுகின்றன, பழக்கம் உடம்பில் ஊறிக்கிடக்கிறது. சூடு மட்டும் ஊறக்கூடாதா? 'சாராய ஊறல்' நினைவுக்கு வருகிறது என்றார் இன்னொருவர். அதுவும் பானையில் நாள்கணக்கில் கிடப்பதுதானே, பொருள் எங்கே மாறியது?

ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒரு வசதியும் இதில் உண்டு. தமிழில் ஊறுதல் உள்ளே போவது மட்டுமல்ல, உள்ளிருந்து கசிந்து வருவதும்தான். ஊற்று பிறந்தது அங்கேதான், வாயில் எச்சில் ஊறுவதும் அப்படித்தான். குழாயில் ஊறிய சூடு, பின்னர் போகிற காற்றுக்குள் ஊறி வருகிறது. நோயின் இரு பாதியையும் ஒரே வினை சொல்லிவிடுகிறது. அதனால் சூடு + ஊறல், சூடூறல். 'வெப்ப உட்கவர்வு' என்று ஆய்வகத்தில் எழுதிக்கொள்ளட்டும். பட்டறையில் சூடு என்றுதான் சொல்கிறார்கள்.

சூடூறலை 'அதிவெப்பமாதல்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ரேடியேட்டர் கொதிக்கும்போது சொல்ல வேண்டியது. சூடூறல் வந்த காரில் கூலன்ட் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். சொல்லை நம்பி ரேடியேட்டரைக் கழற்றினால் கூலியும் நேரமும்தான் வீண்.

இன்டேக்கை 'உட்கொள்ளல்' ஆக்கியதும் இதே கைதான். உட்கொள்வது மாத்திரையை. எஞ்சின் காற்றை இழுக்கிறது, இழுக்கும் இடம் காற்றுவாய். 'குளிர் காற்று உட்கொள்ளல்' என்று அட்டையில் போட்டுத் திறந்த கூம்பு வடிகட்டிகளை விற்கிறார்கள். அதையே 'குளிர்காற்றுவாய்' என்று எழுதியிருந்தால், அந்த வாய் இருப்பது கிரில்லுக்குப் பின்னாலா, டர்போவுக்குப் பக்கத்திலா என்று வாங்குகிறவர் கடையிலேயே கேட்டிருப்பார்.