கோல்ஃப் மட்டையின் ‘டிங்’ எங்கே பிறக்கிறது?

ராணிப்பேட்டை சிப்காட்டில் தகட்டு வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஆடியதைப் பார்த்ததிலிருந்து கோல்ஃப் பார்க்கிறேன். முதல் அடியில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அந்த மட்டையின் தலை உள்ளே காலியா? காலி என்றால் ஏன் நசுங்குவதில்லை? சத்தத்தையும் திட்டம் போட்டுத்தான் செய்கிறார்களா?”

2021 ஆகஸ்டில் டோக்கியோவில் அதிதி ஒரே ஒரு அடியில் பதக்கத்தை விட்டு நான்காவதாக வந்தார். அன்று கோல்ஃப் விதிகளே தெரியாத பலரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதிலிருந்து இப்படி ஒரு கேள்வி முளைத்திருப்பது எனக்கு மிகவும் சந்தோஷம்.

ஆமாம், உள்ளே காலிதான். சத்தமும் திட்டம் போட்டு வருவதுதான்.

தூரம் அடிக்கும் மட்டைக்கு டிரைவர் என்று பெயர். ஒரு காலத்தில் அதன் தலையைப் பெர்சிமன் மரத்தில் செதுக்கினார்கள். பிறகு எஃகு வந்தது, 1990-களில் டைட்டானியம் வந்தது. தலையின் எடை சுமார் 200 கிராம். டைட்டானியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் பாதிக்குச் சற்று மேல் என்பதால், அதே எடையில் பெரிய தலை செய்ய முடிகிறது. 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி.

பந்தின் எடை 46 கிராமுக்குள்தான். ஆனால் அது தலையோடு ஒட்டியிருப்பது அரை மில்லி வினாடி மட்டுமே. அந்த நேரத்துக்குள் பந்து வினாடிக்கு 60, 70 மீட்டர் வேகம் பெற வேண்டும் என்பதால் விசை உச்சத்தில் ஒரு டன் எடையையும் மிஞ்சிவிடும். பந்தில் மோதும் முன்பக்கத் தகடான, சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள முகத்தகடு அப்போது உள்வாங்கி, திரும்பி நிமிர்கிறது. டைட்டானியக் கலவைக்கு வலிமை அதிகம், விறைப்பு எஃகைவிடக் குறைவு. அதனால்தான் நசுங்காமல் வில்போல் மீள்கிறது. இந்த மீள்தன்மைக்கும் விதி உண்டு: சிறிய எஃகுக் குண்டை முகத்தில் மோதவிட்டு, தொட்டிருக்கும் நேரத்தை அளக்கிறார்கள். 257 மைக்ரோ வினாடிக்கு மேல் போனால் மட்டை செல்லாது.

அப்புறம், எல்லா அடியும் நட்டநடுவில் படாது. ஓரத்தில் பட்டால் தலை திருகிக்கொள்ளும், பந்து வேகமிழக்கும், திசையும் மாறும். இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று, முகத்தகட்டை நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெலிவாகவும் செய்வது. இன்னொன்று, எடையை மையத்திலிருந்து விலக்கிப் பின்புறத்துக்கும் ஓரங்களுக்கும் தள்ளுவது. பள்ளியில் படித்த நிலைமத் திருப்புத்திறன்தான் இது, அதாவது திருகலுக்கு எளிதில் மசியாத தன்மை. அதற்கும் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள்: 5900 கிராம் சதுர சென்டிமீட்டர்.

சத்தத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. பின்புறத்துக்கு எடை வேண்டுமென்றால் வேறெங்கோ குறைக்க வேண்டும். எங்கே? தலையின் மேற்கூரையில். அதை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே மெலிதாக்கி, மிச்சம் பிடித்த கிராம்களை டங்ஸ்டன் என்ற கனமான உலோகத் துண்டாகப் பின்னால் வைக்கிறார்கள். தலையோ பெரியது. ஆக, அகலமான, மெலிந்த, தட்டையான ஒரு தகடு மேலே, இன்னொன்று அடியில். பந்து முகத்தில் பட்டதும் இவை இரண்டும் மத்தளம்போல் அதிரும்.

தகடு அகலமாக ஆக, மெலிதாக ஆக, அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டினால் வினாடிக்கு எத்தனை முறை தானாக அதிரும் என்ற எண், இறங்கும். நல்ல டிரைவரின் முக்கிய அதிர்வுகள் 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்து, சட்டென்று அடங்கிவிட வேண்டும். அதற்குக் கீழே இறங்கி இழுத்துக்கொண்டு ஒலித்தால் காலி டப்பாவைத் தட்டிய மாதிரி கேட்கும். 2007 வாக்கில் வந்த சதுரத் தலை டிரைவர்களில் ஓரத்தில் பட்ட அடியும் அவ்வளவாகக் கெடவில்லை. ஆனால் அவற்றின் சத்தம் ஆட்டக்காரர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி கேட்ட வாசகருக்குத் தீர்வு கைவந்த வேலை. பாய்லரின் காற்றுக் குழாயான டக்டுக்கு அகலமான ஷீட்டை அப்படியே விட்டால் காற்றோட்டத்தில் அது அதிர்ந்து இரையும். அதனால் குறுக்கே ஸ்டிஃப்னர் என்ற விறைப்புப் பட்டை வைத்து வெல்டு அடிப்பார்கள். டிரைவர் தலைக்குள்ளும் அதேதான், அளவு மட்டும் சிறியது. ஒரு பட்டை ஒன்றிரண்டு கிராம் இருக்கலாம், அந்த ஒன்றிரண்டு கிராமும் பின்புறத்து எடையிலிருந்து பிடுங்கியது. எனவே கண்ட இடத்தில் வைக்க முடியாது. தலையைக் கணினியில் பொடிப் பொடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் தகட்டின் எந்த இடம் மேலும் கீழும் ஆடுகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று வரைகிறார்கள். அசையாத கோடு கணு, அதிகம் ஆடும் இடம் எதிர்க்கணு. கணுக்கோட்டின் மேலேயே பட்டை வைத்தால் எடைதான் கூடும், சத்தம் ஏறக்குறைய மாறாது. எதிர்க்கணுவின் குறுக்கே வைத்தால் தகடு இரண்டாகப் பிரிந்ததுபோல் ஆகி, அதிர்வெண் ஏறிவிடும். ஒரே டைட்டானியம், ஒரே எடை. பட்டை அரை விரல் நகர்ந்தால் குரல் வேறு. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சர் சி.வி. ராமன் 1920-லேயே நம் தாள வாத்தியங்களின் தோலை இதே கண்ணோடு பார்த்தார். நடுவில் பூசும் கருப்புப் பகுதியின் எடைதான் மேலதிர்வுகளை (அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகளை) சுருதியோடு இசைய வைக்கிறது என்று காட்டினார். அந்த ஆய்வுக்கு அன்று யாரும் ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்டிருந்தால் நமக்குத்தான் நட்டம். இன்று ஒலியியல் ஆய்வுக்கு விளையாட்டுச் சாமான் கம்பெனிகள் தாராளமாகச் செலவழிக்கின்றன. நம் பொறியியல் கல்லூரிகளில் ஒழுங்கான ஒலியியல் கூடம் அரிது. இதற்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சத்தம் வெறும் அலங்காரமும் இல்லை. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. டிரைவரின் ஒலி சரியாக அங்கேதான் விழுகிறது. மெலிந்த முகமுள்ள டைட்டானிய டிரைவரால் பல மாதங்கள் ஆடிய 55 வயதுக்காரர் ஒருவரின் செவிக்குறைபாட்டை, அந்தச் சத்தத்தோடு சேர்த்து 2008-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள்.

சரி, நல்ல சத்தம் வந்தால் பந்து தூரம் போகுமா? போகாது. பந்து விலகிப்போவது அரை மில்லி வினாடியில். சத்தம் தரையிலிருந்து காதுக்கு ஏற ஏறக்குறைய 5 மில்லி வினாடி ஆகும். காதில் விழும்போது பந்து ஓர் அடி தூரத்துக்கு அப்பால் பறந்துகொண்டிருக்கும். ‘ராசியான சத்தம்’ என்று மட்டை வாங்குவது காசுக்குக் கேடு. ஆனாலும் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், அடி கைக்கு எப்படி இருந்தது என்று ஆட்டக்காரர்கள் சொன்னதற்கும் அவர்கள் கேட்ட ஒலிக்கும் நெருங்கிய தொடர்பு தெரிந்தது. கையின் உணர்வு என்று நாம் நம்புவதில் பெரும்பங்கு காதுடையது.

முழுவதும் அல்ல. உள்ளங்கை நன்றாக உணர்வது 200, 300 ஹெர்ட்ஸ் அதிர்வை. ஆயிரத்தைத் தாண்டினால் அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. எனவே தலையின் ‘டிங்’ கைக்கு எட்டுவதே இல்லை. கைக்கு வருவது மட்டைத் தண்டின் மெதுவான அதிர்வு. ஓரத்தில் பட்ட அடியைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். காது கேட்கும் திறன் குறைந்த தீக்‌ஷா டாகர், காது கேளாதோருக்கான, செவிக்கருவிக்கு அனுமதியில்லாத டெஃப்லிம்பிக்ஸில் 2022-ல் கோல்ஃப் தங்கம் வென்றார். டோக்கியோவில் அதிதியோடு இந்தியாவுக்காக ஆடியவரும் அவர்தான்.