பீலித் தண்ணீர் கலங்கினால்

பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை ஏற்பட்ட மண்சரிவில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான சரிவு, ஆட்களை இடம் மாற்ற வேண்டும் என்று 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தார்கள். மலை முன்கூட்டியே சொல்லும். அதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

மலைச்சரிவில் மண் பாறைமேல் போர்வை போலக் கிடக்கிறது. லேசான ஈரம் மண்துகள்களை இறுக்கிப் பிடிக்கும். பிள்ளைகள் ஈர மணலில் கட்டும் விளையாட்டு வீடு நிற்பது அதனால்தான். மழை தொடர்ந்தால் உள்ளே இறங்கும் தண்ணீர் பாறையில் முட்டித் தேங்கும். துகள்களுக்கு இடையே அழுத்தம் ஏறி, உராய்வு குறைந்து, ஒரு கட்டத்தில் போர்வை வழுக்கிவிடும். முன்பே ஒருமுறை சரிந்து கல்லும் மண்ணுமாய்க் குவிந்த இடம் இன்னும் மோசம்.

இலங்கையின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழையை அளவுகோலாக வைத்திருக்கிறது: 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கை, 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, அதாவது வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். அளக்க நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உள்ள டின் போதும். கூரை, மரம் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து கொட்டிவிடுங்கள். டின்னின் வாய் சிறிதோ பெரிதோ, தண்ணீரின் உயரமே மழையளவு. ஆனால் பல நாள் நனைந்த சரிவு இதைவிடக் குறைந்த மழையிலும் போகலாம். அதனால் பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வந்து விழும் தண்ணீர்) திடீரெனக் கலங்குகிறதா, ஓடை வற்றுகிறதா, கதவு இறுகுகிறதா, இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) வெடிப்பு விடுகிறதா என்று பாருங்கள். வெடிப்பின் இருபுறமும் முளை அடித்து, இடைவெளியை நாள்தோறும் அளந்து எழுதுங்கள். அது கூடிக்கொண்டே போனால் சரிவு நகர்கிறது.

தடுப்பு வேலையில் முதலிடம் வடிகாலுக்குத்தான். தேயிலை மலையில் கான் (வடிகால்) தூர்ந்தால் தண்ணீர் ஒரே இடத்தில் திரண்டு இறங்கும். மழைக்காலத்துக்கு முன் கான் வெட்டி, மண்ணைச் சரிவின் விளிம்பில் குவிக்காமல் அகற்ற வேண்டும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் சரளையும், சுவரில் வடிதுளைகளும் இல்லாவிட்டால் சுவரே அணையாகித் தண்ணீரைத் தேக்கும். அப்புறம் அது சாய்வதில் வியப்பில்லை. முற்றத்தை அகலமாக்குவதற்காகச் சரிவின் அடியை வெட்டுவது அதைவிடப் பெரிய தவறு. மேலே உள்ள மண்ணைத் தாங்குவது அந்த அடிதான்.

வெளியேறும்போது ஓடை வழியே இறங்காதீர்கள், சரிந்த மண் அந்த வழியைத்தான் பிடிக்கும். பக்கவாட்டில் விலகி மேட்டுக்குப் போங்கள். மழை விட்ட கையோடு திரும்பவும் வேண்டாம். உள்ளே தேங்கிய தண்ணீர் வடியச் சில நாள் பிடிக்கும்.