ஓடும் டாங்கிக்குத் துருவும் சேறும் பூசுவதற்கு முன்

பழுது பார்க்கச் சொல்லி என்னிடம் வரும் மோட்டார் டாங்கி மாடல்கள் பலவும் பார்ப்பதற்கு அத்தனை அழகாக இருக்கும். தகட்டு ஓரங்களில் பெயர்ந்த பெயின்ட், போல்ட் தலைகளிலிருந்து வழிந்த துருத்தடம், அடிப்பாகத்தில் காய்ந்த சேறு. சுவிட்சைப் போட்டால் மட்டும் உயிர் இருக்காது. அல்லது பத்தடி ஓடியதும் ஒரு பக்கச் சக்கரம் முறிந்து சாய்ந்துவிடும். கழற்றிப் பார்த்தால் கட்டியதில் குறையே இருக்காது. கட்டி முடித்தபின், மாடல் பழசாகத் தெரியப் பூசிய துரு, அழுக்கு வேலையான வெதரிங்தான் உள்ளே இறங்கி வேலையைக் காட்டியிருக்கும்.

பிறருக்காக மாடல் கட்டிக் கொடுப்பது என் தொழில். மாடலைக் கெடுக்கும் அதே திரவமும் அதே தூளும்தான் கட்டுபவரின் மூச்சிலும் போகின்றன. மாடலுக்கு என்ன ஆனது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தமக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

1/35 என்ற மாடல் அளவே மோட்டாரால் பிறந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தாமியா நிறுவனம் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மாடலாக்கியபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்குவதற்குத் தோதாக உடலின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால், அது உண்மையான டாங்கியில் ஏறத்தாழ 35-இல் ஒரு பங்காக இருந்தது. இன்று அந்த அளவில் கட்டுபவர்களில் பெரும்பாலோர் மோட்டாரே வைப்பதில்லை. வெதரிங் முறைகளும் அசையாத மாடலை மனதில் வைத்தே வளர்ந்துவிட்டன. அவற்றை அப்படியே ஓடும் டாங்கியில் செய்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் அந்த முறிந்த சக்கரத்தைப் பார்ப்போம். உலோக அச்சு இறுக்கமாக நுழைந்திருக்கும் துளை, சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையான ட்ராக்கின் இழுப்பைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை ஆகிய இடங்களில் பிளாஸ்டிக் எப்போதும் இழுபட்டு விறைப்பிலேயே இருக்கும். ஒயிட் ஸ்பிரிட் கரைப்பான் கலந்த நீர்த்த பெயின்டான வாஷ் தட்டையான தகட்டில் ஒன்றும் செய்யாது. மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் விறைத்திருக்கும் இடத்தில் தேங்கினால் மயிரிழை அளவு விரிசலைத் திறந்துவிடும். அன்று கண்ணுக்குத் தெரியாது, சில நாள் கழித்துச் சுமை ஏறும்போது முறியும். நான் சக்கரங்களைக் கழற்றி வைத்து, கிளியர் வார்னிஷ் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே வாஷ் தொடுவேன். அப்போதும் தூரிகை நுனியளவுதான், குளம்போல் தேங்க விடமாட்டேன். கியர்களுக்குப் பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள கிரீஸைப் போடுங்கள். வண்டிக்குப் போடும் பெட்ரோலிய கிரீஸும் இதே விரிசலைத் தரும். மென்மையான வினைல் ட்ராக்குகளையும் கவனியுங்கள். பழைய கிட்களில் அவற்றை மென்மையாக வைக்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரங்களை உருக்கிவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சேறு. உண்மையான மண்ணைச் சலித்து ஒட்டினால் உண்மைபோல் இருக்கும் என்று பலர் செய்கிறார்கள். மண்ணில் குவார்ட்ஸ் துகள் இருக்கும். அது கியர்பாக்ஸுக்குள் போனால் உப்புத்தாளை வைத்துத் தேய்த்த மாதிரி பற்களைத் தின்னும். சலிக்கும்போது எழும் மெல்லிய தூசியில் இருப்பதும் அதே குவார்ட்ஸ்தான், அதாவது சிலிக்கா. நுரையீரலின் ஆழத்தில் படிந்தால் அது கரையாது. கடையில் விற்கும் பிக்மென்ட் என்ற நிறமித் தூளும் மிக நுண்ணியதே. துருநிறங்கள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. ஓவியப் பாஸ்டல் கட்டியைச் சுரண்டித் தூளாக்குபவர்கள் லேபிளைப் படியுங்கள், சில மஞ்சள் சிவப்பு நிறங்களில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கும். தூளைத் தூவியபின் வாயால் ஊதும் பழக்கத்தை எப்படியாவது விட்டுவிடுங்கள். ஊதி முடித்ததும் இயல்பாக ஆழமாக மூச்சை இழுப்போம், அந்தத் தூசி மண்டலத்துக்குள்ளிருந்தே. தூளைத் திரவத்தில் குழைத்துத் தடவினால் பறக்காது, கியருக்குள்ளும் போகாது. ரெசின் பாகங்களையும் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும்.

மாஸ்க் விஷயத்தில் ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. என்95 மாஸ்க் தூளைத் தடுக்கும், பெயின்ட்டை நீர்க்கச் செய்யும் தின்னரின் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கு, ஆர்கானிக் வேப்பர் என்று குறிக்கப்பட்ட, கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். அதன் கரிக்கும் ஆயுள் உண்டு. காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் அடிக்கும்போது நுண்துளியும் ஆவியும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் தடுப்பது தேவை. அக்ரிலிக் பெயின்ட் தானே, தண்ணீர்தானே என்று வெறும் முகத்தோடு அடிக்காதீர்கள். தண்ணீர் ஆவியாகிவிடும், ரெசினும் நிறமியும் மூச்சில் தங்கும். மூக்கையும் நம்ப வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அது வாசனைக்குப் பழகிவிடும். வாடை அடங்கிவிட்டது என்று சொல்பவர் அறைக்கு வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து முகர்ந்து பார்க்கட்டும்.

ஓடும் மாடலுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. சிறிய டிசி மோட்டார்களில், சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் பிரஷ் உராயும் இடத்தில் ஓயாமல் தீப்பொறி எழும். சாதாரண நேரத்தில் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் லாக்கர் தின்னரின் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது. மூடிய டாங்கி உடலுக்குள் இறங்கித் தங்கிவிடும். பெயின்ட் ஈரமாக இருக்கும்போது ட்ராக் சுற்றுகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பேட்டரியைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்றால் இன்னும் கவனம். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. உப்பியதை மீண்டும் சார்ஜ் போடாதீர்கள்.

துணிகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. தொழில் தொடங்கிய புதிதில், எண்ணெய் வண்ணம் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவந்தேன். ஒரு மாலை கூடையை எடுத்தபோது உள்ளே கைபட்ட துணி வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்துதான் உலர்கிறது, அப்போது வெப்பம் வரும். விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும். கசங்கிய குவியலுக்குள் அடைபட்டால் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே தீப்பிடிக்கும். அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள தகர டப்பாவில்தான் துணிகள் போகின்றன.

எல்லாம் காய்ந்தபின் என்னிடம் வருபவர்கள் கேட்கும் கடைசிக் கேள்வி, ட்ராக்கின் உலோகப் பளபளப்புக்கு எந்தப் பெயின்ட் என்பது. உலோகப் பாகங்கள் என்றால் எதுவும் வேண்டாம். இரண்டு நாள் உலரவிட்டு, பேட்டரியை மாட்டி, தரையில் கால்மணி நேரம் ஓட்டுங்கள். உண்மையான டாங்கியில் எங்கே தேயுமோ, ட்ராக்கை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல்லிலும் சக்கர விளிம்பிலும், அங்கேயே பெயின்ட் தானாகத் தேய்ந்திருக்கும்.