ராட் அயர்ன்: தேனிரும்பு

கேட், பால்கனிக் கிராதி, மாடிப்படிக் கைப்பிடி, ஊஞ்சல் என எதைக் கேட்டாலும் கடைகளில் ராட் அயர்ன் என்கிறார்கள். கம்பியைக் குறிக்கும் 'ராட்' என்று நினைக்கத் தோன்றும். அது வேறு சொல். இது 'வொர்க்' என்னும் ஆங்கில வினையின் பழைய இறந்தகால வடிவம். அதாவது, காய்ச்சி அடித்துப் பக்குவம் செய்த இரும்பு. நம் பாடநூல்களில் இதன் பெயர் தேனிரும்பு.

உருக்கி அச்சில் ஊற்றி எடுப்பது வார்ப்பிரும்பு. அதில் கரி (கார்பன்) 2 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் சம்மட்டி பட்டால் உடையும். தேனிரும்பில் கரி 0.25 விழுக்காட்டுக்கும் குறைவு. உள்ளே கசடு மெல்லிய இழைகளாக ஓடுவதால், முறித்துப் பார்த்தால் மரநார் போலத் தெரியும். கொல்லர் சொன்னபடி வளையும். இரண்டு துண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி அடித்தே ஒன்றாக்கலாம். டெல்லி இரும்புத் தூண் அப்படி உருவானதுதான். 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, வயது சுமார் 1,600 ஆண்டு!

அலங்கார வேலையின் உச்சத்தைப் பார்க்க பிரான்சின் நான்சி நகருக்குத்தான் போக வேண்டும். அங்கே ஸ்தனிஸ்லாஸ் சதுக்கத்தில் ஜான் லாமூர் என்ற இரும்புக் கலைஞர் 1750களில் செய்த பொன்முலாம் பூசிய வாயில்கள் இன்றும் நிற்கின்றன. கனத்த இரும்பைக் கொடியாகவும் இலையாகவும் ஓடவிட்ட கை அது. 1889இல் திறந்த ஈபிள் கோபுரமும் தேனிரும்புதான். சுமார் 7,300 டன். ஆனால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள புகழ்பெற்ற பால்கனிகளில் பெரும்பகுதி வார்ப்பிரும்பு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது தவறு.

1856இல், உருகிய இரும்புக்குள் காற்றைச் செலுத்தி எஃகு ஆக்கும் பெஸ்ஸமர் முறை வந்தது. அப்புறம் மலிவான எஃகு பெருகி, தேனிரும்பு உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இன்று ராட் அயர்ன் என்று விற்பது பெரும்பாலும் எம்.எஸ். எனப்படும் மென்னெஃகு. அது மட்டமான பொருள் இல்லை, பெயர்தான் பொருந்தவில்லை. புதிய வேலைக்கு 'இரும்புப் பூவேலை' என்பதே போதும். தேனிரும்பு என்ற சொல்லைப் பழைய, உண்மையான பொருளுக்கு விட்டுவைக்கலாம்.

பழம்பொருள் என்று யாராவது விலை சொன்னால் முதலில் இணைப்புகளைப் பாருங்கள். பழைய வேலையில் கம்பிகளைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கியிருக்கும், அல்லது தறையாணி (ரிவெட்) அடித்திருக்கும். மூலைக்கு மூலை மின் வெல்டிங் தடிப்பு தெரிந்தால், அந்த இணைப்பு 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு முந்தையதாக இருக்க முடியாது. பிற்காலப் பழுதுபார்ப்பா, முழுவதும் புதியதா என்று கேட்டு வாங்குங்கள்.