பேக்கப்: காப்பு பாதி, படி பாதி

நண்பர் ஒருவர் சினிமாவில் உதவி இயக்குநர். புது போன் வாங்கியிருந்தார். பழைய போனில் இருந்த படங்களை என்ன செய்தாரோ என்று நினைத்து, "பேக்கப் ஆச்சா?" என்று தமிழிலேயே தட்டி அனுப்பினேன். "எங்க? டைரக்டர் இன்னும் ரெண்டு ஷாட் கேக்குறாரு. ஒன்பது மணி ஆகும்" என்று பதில் வந்தது. மனிதர் வடபழனிப் பக்கம் படப்பிடிப்பில் இருந்திருக்கிறார். அங்கே பேக்கப் என்றால் அன்றைய வேலை முடிந்தது, லைட்டை இறக்கு என்று அர்த்தம். தமிழில் ப ஒன்றுதானே. மூட்டை கட்டுவதும் பேக்கப், முட்டுக் கொடுப்பதும் பேக்கப்.

இங்கே பார்க்கப்போவது முட்டுக் கொடுக்கும் பேக்கப்பை.

ஆங்கிலத்தில் பேக் என்றால் முதுகு, பின்புறம். பின்னால் நின்று தாங்குவது பேக்கப். கம்ப்யூட்டரோடு வந்த சொல் அல்ல இது. நம் தெருக் கிரிக்கெட்டில் "டேய், பேக்கப் போடா!" என்ற கத்தல் எப்போதும் உண்டு. ஸ்டம்பை நோக்கி வரும் த்ரோவைக் கீப்பர் கோட்டை விட்டால் பிடிக்க, அவனுக்குப் பின்னால் ஒருவன் நிற்க வேண்டும். பெரும்பாலான பந்துகளில் அவனுக்கு வேலையே இல்லை. வேலை வரும் பந்தில் அவன் அங்கே இல்லையென்றால் நாலு ரன். பேக்கப்பின் முழு இலக்கணமும் இதில் இருக்கிறது. அப்புறம் மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் வந்தது, "பேக்கப் எத்தனை மணி நேரம் வரும்?" என்று வீட்டுப் பெரியவர்களும் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். போனுக்கு வந்தது கடைசியில்தான்.

ஒன்று கவனித்தீர்களா? ஆங்கிலேயருக்குத் துணை பின்னாலிருந்து வருகிறது. நமக்கு அது பக்கத்திலிருந்து வருகிறது: பக்கபலம். அதனால்தானோ என்னவோ, பேக் என்பதைப் 'பின்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் முயற்சி எதுவும் தமிழில் நிற்கவில்லை. நல்லவேளை.

சொல்லைக் கடன் வாங்கினாலும் வினையை நாம் நம்முடையதாகவே வைத்துக்கொண்டோம். பேக்கப் எடுக்கிறோம். படம் எடுப்பதுபோல, ஜெராக்ஸ் எடுப்பதுபோல. ஆனால் இந்த 'எடு' கொஞ்சம் ஏமாற்றும். அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தால் அலமாரியில் அது இருக்காது. நங்கநல்லூர்ச் சித்தி ஒருநாள் கேட்டார்: "பேக்கப் எடுத்துட்டா போன்ல படம் இருக்குமா, போயிடுமா?" சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அது மிகச் சரியான கேள்வி என்பது பிறகுதான் புரிந்தது.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. ஆண்ட்ராய்டு போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் 'காப்புப் பிரதி' என்று இருக்கும். கணினித் தமிழில் எழுதுபவர்கள் பலர் 'காப்புநகல்' என்பார்கள். தனித்தமிழ் விரும்புபவர்கள் 'காப்புப்படி' என்பார்கள். முதல் பாதியில் மூவருக்கும் சண்டை இல்லை. கா என்றால் பாதுகாத்தல், அதிலிருந்து காப்பு. குழந்தை கையில் போடுவது காப்பு, ஆடி மாதம் அம்மன் கோயிலில் கட்டுவது காப்பு, சாமிக்குச் சாத்துவது சந்தனக் காப்பு. பிள்ளைத்தமிழில் முதல் பருவமே காப்புப் பருவம்தான். பிள்ளையைக் காக்கச் சொல்லித் தெய்வங்களை வேண்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். காப்பீடு, காப்புரிமை என்று புதுச் சொற்களுக்கும் அது கை கொடுத்திருக்கிறது. ஆபத்து வந்தபிறகு தேடுவது இல்லை காப்பு, வருமுன் கட்டுவது.

சண்டை இரண்டாம் பாதியில். பிரதி வடமொழி, பிரதிநிதி, பிரதிபலன் என்று ஒன்றுக்குப் பதிலாக, எதிராக நிற்பது. ஏட்டுப்பிரதி, கையெழுத்துப்பிரதி என்று தமிழில் நன்றாக ஊறிய சொல்தான். நகல் அரபியிலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது. அதன் ஜோடியான அசலும் அப்படியே. தாலுகா ஆபீஸ் போய் வந்தவர்களுக்கு இந்த ஜோடியை விளக்க வேண்டியதில்லை. அசல் இருந்தால் மரியாதை, நகல் என்றால் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு நகல் மேல் இருக்கும் மனக்குறையும் அதுதான். போன் படத்தை அப்படியே இன்னொன்று எடுத்து வைத்தால் இரண்டில் எது அசல், எது நகல் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுதான்.

படிக்கு இந்தக் குறை இல்லை. படி என்றால் ஒத்திருப்பது, மாதிரி. சொன்னபடி, அதன்படி, அப்படி என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். படி எடுத்தல் என்பது அப்படியே எடுத்தல். இதற்கு ஆயிரம் வருடப் பழமையான சாட்சியும் கல்லில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் கும்பகோணம் பக்கம் உள்ள திருக்கோடிகாவல் கோயிலைச் செம்பியன் மாதேவி கல்லால் புதுப்பித்துக் கட்டினார். பழைய கட்டடத்தில் இருந்த கல்வெட்டுகளில் யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், யார் விளக்குக்குப் பொன் வைத்தார் என்ற கணக்கெல்லாம் இருந்தது. கட்டடத்தோடு அது போய்விடக் கூடாதென்று புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். வெட்டியதோடு நிற்காமல், இது 'பழங்கற்படி' என்றும் பொறித்தார்கள். பழைய கல்லின் படி. பழைய போனிலிருந்து புது போனுக்கு மாற்றுவதற்கு இதைவிட நல்ல முன்னோடி எனக்குத் தெரியாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் படம் படி ஆகாது. வழக்கமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த தேதி, நேரம் போன்ற உள்குறிப்பும் போய்விடும். ஐ.எம்.ஜி-20231204-டபிள்யூ.ஏ.0007 என்று கோப்புக்கு ஒரு பெயர் வரும், அந்தத் தேதி படம் வந்த தேதி, எடுத்த தேதி அல்ல. கல்யாண ஆல்பத்தை ஆண்டுவாரியாக அடுக்க உட்காரும்போது இது கழுத்தை அறுக்கும். "அதான் குரூப்ல போட்டாச்சே" என்பது பேக்கப் ஆகாது. டாக்குமெண்ட்டாக அனுப்பினால் சுருங்காது.

சித்தியின் கதைக்கு வருகிறேன். போன் நிரம்பிவிட்டதென்று ரிட்சி தெருவில் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கினார்கள். வீட்டுப் பையன் எல்லாப் படத்தையும் கட் பண்ணி அதில் பேஸ்ட் பண்ணினான். போன் லேசானது, எல்லோருக்கும் சந்தோஷம். நாலு மாதம் கழித்து டி.வி. ஸ்டாண்டிலிருந்து டிஸ்க் கீழே விழுந்தது. கம்ப்யூட்டரில் செருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும். பேரனின் காதுகுத்து முழுக்க அதில். "பேக்கப் எடுத்து வெச்சிருந்தோமேப்பா!" என்றார் சித்தி. இல்லை. அங்கே காப்பு இருந்தது, படி இல்லை. படம் இடம் மாறியது, அவ்வளவுதான். ஒன்று ஒன்றாகவே இருந்தது.

நான் செய்தது இதற்கு நேர் எதிர். படங்கள் ஆன்லைனிலும் இருக்கின்றன என்ற தைரியத்தில் போனின் படச் செயலியைத் திறந்து ஒரு வருடத்துப் படங்களை மொத்தமாக அழித்தேன். இரண்டு இடத்திலும் அழிந்தன. இதற்குப் பெயர் ஒத்திசைவு, சிங்க் என்பது. ஒரு பக்கம் நடப்பது மறுபக்கமும் நடக்கும், நல்லதும் கெட்டதும். என்னிடம் படி இருந்தது, காப்பு இல்லை. கூகுள் போட்டோஸ் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது: அதில் ஏற்றிய படத்தை அழித்தால் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்கலாம். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்தினாலும் மிஞ்சுவது கூகுளிடம் உள்ள ஒன்று மட்டும்தான். சித்தியின் டிஸ்க் மாதிரியே, ஆகாயத்தில் இருக்கிறது, அவ்வளவு வித்தியாசம்.

அந்த ஆகாயமும் இலவசமாக விரிந்துகொண்டே போவதில்லை. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்கள் எல்லாம் கூகுளின் 15 ஜி.பி. கணக்கில் சேரும், மெயிலும் டிரைவும் அதே 15-க்குள். ஆப்பிளில் இலவசம் 5 ஜி.பி. நிறைந்துவிட்டால் புதுப் படங்கள் ஏறாது. நாமோ ஏறிக்கொண்டிருப்பதாக நினைத்திருப்போம். இன்னொன்று, ஆண்ட்ராய்டில் கேமரா படங்கள்தான் தானாக ஏறும். வாட்ஸ்அப் போல்டரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் அத்தனை காலை வணக்க ரோஜாப்பூவும் சேர்ந்து ஏறும் என்பதால், முதலில் களை பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

படம் எடுப்பவர்களிடையே 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. மொத்தம் மூன்று படி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். அந்தக் கடைசி 'ஒன்று' ஏன் என்று சைதாப்பேட்டைக்காரனான எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தபோது, அப்பா அம்மா கல்யாண ஆல்பமும் அதன் நெகட்டிவ்களும் ஒரே பீரோவில், ஒரே கீழ்த்தட்டில் இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒன்றாக வைத்தது. ஆல்பம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது, நெகட்டிவ் பூத்துப் போனது. அம்மாவின் தங்கை கல்யாணமாகிப் போகும்போது மதுரைக்கு எடுத்துப்போன நாலு படங்கள்தான் இன்று மிச்சம்.

சரி, எந்தச் சொல்? பேச்சில் பேக்கப்பே இருக்கட்டும், அதை யாராலும் மாற்ற முடியாது. எழுத்தில் என் ஓட்டு காப்புப்படிக்கு. அதில் ஒரு சிக்கல் உண்டு என்பதை அரசு வேலையில் ஓய்வுபெற்ற சித்தப்பாதான் காட்டிக்கொடுத்தார். புது ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போனபோது, "இந்தத் தடவை ஒழுங்கா காப்புப்படி எடுத்துடலாம் சித்தப்பா" என்றேன். பேப்பரைக் கீழே வைத்தார்.

"அகவிலைப்படி வாங்கியிருக்கேன், பயணப்படி வாங்கியிருக்கேன். இது எப்போலேர்ந்து குடுக்குறாங்க?"