இரண்டு ஒன்பதுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வியாபாரி ஒரு வெள்ளி ரூபாயை என் பக்கம் நகர்த்தினார். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் 1939. "எடை போட்டுப் பாருங்க சார், வெள்ளியில் குறையே இருக்காது" என்றார். என் சின்னத் தராசு 11.62 கிராம் காட்டியது. அவர் சொன்னது சரிதான். ஆனால் அவர் கேட்ட விலை வெள்ளிக்கான விலை அல்ல. அந்தக் கடைசி எண்ணுக்கான விலை.

பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. தேயாத காசு ஒன்றில் சுமார் 10.69 கிராம் தனி வெள்ளி இருக்கும். யார் தலை பொறித்த காசானாலும் அந்த வெள்ளியின் அன்றைய விலைதான் அதற்கு அடிவிலை. விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் பல ஆண்டுகள் கோடிக்கணக்கில் அச்சானவை. சாதாரண நிலையில் உள்ளவற்றுக்கு அடிவிலைக்கு மேல் அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. 1939 அப்படியல்ல. உலகப்போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள். 1940-ல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய ரூபாய்களை அரசு திரும்பப் பெற்று உருக்கியது. 1939 என்று பொறித்த ரூபாய் இன்று அரிதாகத்தான் கண்ணில் படுகிறது.

முதலில் உலோகத்தைப் பார்த்துவிடலாம். இதை வீட்டிலேயே செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அளவைச் சுழியம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசு விலக்கிய தண்ணீரின் எடையைத் தராசு காட்டும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால் அந்த எண்ணே காசின் கன அளவு. நல்ல ரூபாய் என்றால் 1.13-ஐ ஒட்டி நிற்கும். 11.66-ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 10.3. பாதி வெள்ளிக் காசுக்கு 9.5 வாக்கில் வரும், வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வருக்கு 9-க்கும் கீழே. காசில் ஒட்டிய காற்றுக்குமிழ் கணக்கைக் கெடுக்கும், அதைத் தட்டிவிட வேண்டும்.

ஈயம் கலந்தால் அடர்த்தியை ஏமாற்றலாம். அங்கேதான் நம் தாத்தாக்கள் காசைச் சுண்டிப் பார்த்ததன் அருமை தெரிகிறது. வெள்ளி அதிர்வை எளிதில் விழுங்காது, ஓசை இழுத்து ஒலிக்கும். ஈயக் கலவை சட்டென்று அடங்கிவிடும். காசு சோதிப்பவருக்குத் தமிழில் வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடே அந்தச் சொல் ஒட்டியிருக்கிறது. அவ்வளவு பழைய தொழில் இது. தேய்மானத்தால் எடை குறையலாம், அதிகமாக வழியில்லை. 11.66-ஐத் தெளிவாகத் தாண்டும் ரூபாயை நான் தொடுவதில்லை.

ஆனால் என் முன்னே இருந்த காசு இத்தனையையும் தாண்டிவிடும். ஏனென்றால் 1938 ரூபாயும் அதே எடை, அதே வெள்ளி, அதே வடிவம். எளிதாகக் கிடைக்கும் 1938-ல் கடைசி 8-ன் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டிவிட்டால் 9 பிறந்துவிடும். தராசுக்கும் தண்ணீருக்கும் இது தெரியவே தெரியாது.

பத்து மடங்கு லென்ஸுக்குத் தெரியும். காசு அடிக்கும்போது வெள்ளி உருகுவதில்லை. அச்சின் அழுத்தத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து எழுத்துகளின் பள்ளங்களை நிரப்புகிறது. பல்லாயிரம் முறை அப்படி உராய்ந்து அச்சிலேயே நுண்ணிய ஆரக்கோடுகள் விழுகின்றன, அவை காசிலும் பதிகின்றன. தேயாத காசை விளக்கொளியில் சாய்த்தால் ஒளி சக்கரம்போலச் சுழல்வது இந்தக் கோடுகளால்தான். சுரண்டிய இடத்தில் இவை அறுந்துபோகும். வார்த்தெடுத்த போலியில் கோடுகள் சரியாகப் பதியாது. பரப்பில் நுண்குழிகளும், எழுத்தோரங்களில் கரைந்த சோப்பு போன்ற மழுங்கலும் தெரியும்.

புளி, விபூதி போட்டுத் துலக்கிய காசை வாங்க யோசிப்பதும் இதனால்தான். குத்துவிளக்குக்கு நல்லது காசுக்குக் கேடு. தேய்க்கத் தேய்க்க அந்தக் கோடுகள் அழிந்து, தாறுமாறான கீறல்கள் மிஞ்சும். அழிந்த கோடுகள் திரும்ப வராது. காற்றிலுள்ள கந்தக வாயுக்களால் வெள்ளி மேல் படியும் மெல்லிய கருமையோ பரப்பு கலையாமல் இருப்பதற்கு ஒரு சாட்சி. அந்தப் படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது பொன்னிறமும் நீலமும் காட்டும். விவரம் தெரிந்தவர்கள் அதற்குக் கூடுதலாகவே கொடுக்கிறார்கள்.

1939-க்கு இன்னொரு வசதி உண்டு. அதில் இரண்டு ஒன்பதுகள் இருக்கின்றன. முதல் ஒன்பதில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். நான் லென்ஸை முதல் 9 மேல் வைத்தேன். வால் மெலிந்து, நுனியில் அழகாக முடிந்தது. கடைசி 9-க்கு நகர்த்தினேன். வால் தடித்திருந்தது, வளைவு வேறு மாதிரி. அதன் இடப்பக்கம் நகக்கண் அளவுகூட இல்லாத ஓர் இடம் மங்கலாக, சுற்றிலும் உள்ள பரப்பைவிடச் சற்றே தாழ்ந்திருந்தது. முழுதாகப் புதிய அச்சில் அடித்த போலி இந்தச் சோதனைக்குச் சிக்காது. அதற்கு நிச்சயமான ஓர் அசலின் பெரிதாக்கிய படத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். இந்தக் காசுக்கு அது தேவைப்படவில்லை.

லென்ஸை வியாபாரியிடம் கொடுத்து, "ரெண்டு ஒன்பதையும் பாருங்கண்ணே" என்றேன். வெகுநேரம் பார்த்தார். அவரும் யாரிடமோ பெரிய விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும், முகம் வாடிவிட்டது. பிறகு மெதுவாக, "வெள்ளி விலைக்கு எடுத்துக்குறீங்களா?" என்றார். எடுத்துக்கொண்டேன். புதிதாகக் காசு சேர்ப்பவர்கள் வீட்டுக்கு வந்தால், லென்ஸோடு சேர்த்து முதலில் அவர்கள் கையில் கொடுப்பது அந்தக் காசைத்தான்.